கன்னிக்காலோடு வந்த வண்டு

“மாஸ்டர்! ஓடி வாங்க! என் மரத்தைச் சுட்டுப் போட்டாங்க!”

காலை ஏழு மணிக்கு மதிலுக்கு மேலால் இப்படி ஒரு குரல் வந்தால், வாயில் இருக்கும் பிரஷை எடுக்க நேரம் கிடைக்காது. பற்பசை நுரையோடுதான் ஓடினேன்.

கத்தியவர் பக்கத்து வீட்டு மரியதாஸ். கொட்டாஞ்சேனையில் பிறந்தவர், துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவிக்குச் சீதனமாக வந்த வீட்டில் குடியேறி நாற்பது வருடமாகிவிட்டது. இன்றைக்கும் யாராவது ஊர் கேட்டால் “நான் கொட்டாஞ்சேனை” என்பார், பெட்டி கட்டி வைத்திருப்பவர் போல.

மரம் என்றது அவருடைய அவகாடோ மரத்தை. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கையில் வீடுகள் எல்லாம் மாடிக் குடியிருப்புகளாகிவிட்டன. அவருடைய வீடும் எங்களுடையதும்தான் மிச்சம். மரம் என்று சொல்ல அது ஒன்றுதான் மிச்சம்.

பருவத்தில் அந்த மரம் ஒழுங்கை முழுவதற்கும் காய்க்கும். மரியதாஸ் ஒவ்வொரு பழத்திலும் மார்க்கர் பேனாவால் பெயரும், எந்தக் கிழமை வெட்ட வேண்டும் என்பதும் எழுதித்தான் கொடுப்பார். “புதன்” என்று எழுதிய பழத்தைச் செவ்வாயில் வெட்டினால் அது கல். வியாழனில் வெட்டினால் களி. துறைமுகத்தில் கப்பல்களை இவ்வளவு துல்லியமாக அனுப்பியிருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும்.

அன்று அந்த மரத்தின் அடியில் நின்று பார்த்தேன். தண்டில் குண்டு பாய்ந்தது போலவே துளைகள், போல்பொயின்ட் முனை அளவில். ஒவ்வொரு துளையின் வாயிலும் வெள்ளைத் தூள், திருநீறு பூசியதுபோல. மேலே இரண்டு கொப்புகள் வாடித் தொங்கின.

சத்தம் கேட்டு ஒழுங்கையே கூடிவிட்டது. மறுபக்கத்து மாடிக் குடியிருப்பின் காவலாளி பெரியசாமியும் வந்தார். கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தண்டைக் குனிந்து பார்த்தார்.

“இது யாரும் சுடலிங்க ஐயா. போரர் பூச்சிங்க. எங்க தோட்டத்துல தேயிலைக்கு வரும். கொப்பை ஒடச்சுப் பாருங்க, உள்ளுக்குள்ள ஓட்டை ஓட்டையா இருக்கும்.”

நான் முப்பத்துநாலு வருடம் உயர்தர வகுப்புக்குத் தாவரவியல் படிப்பித்தவன். ஒரு காவலாளி எனக்கு முன்னால் மரத்துக்கு நோய் சொல்வதா? நுரையைத் துப்பிவிட்டுச் சொன்னேன்:

“தேயிலைப் பூச்சிக்கு வெள்ளவத்தையிலை என்ன அலுவல், பெரியசாமி? கடல் குளிக்க வந்ததோ?”

எல்லோரும் சிரித்தார்கள். பெரியசாமியும் சிரித்தார். அவருடைய வேலையில் அதுவும் ஒரு பகுதி.

மரியதாஸ் மட்டும் பாதியில் சிரிப்பை நிறுத்தினார். “அது சரி, உள்ளுக்கு ஓட்டை இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

பெருங்காயத் தத்துவம்

ஒரு மரத்தைச் சத்தமில்லாமல் கொல்வதற்கு வழி என்ன என்று கொழும்பில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். துளை போட்டுப் பெருங்காயத்தை அடை. தமிழரும் சொல்வார்கள், சிங்களவரும் சொல்வார்கள், முஸ்லிம்களும் சொல்வார்கள். இந்த நாட்டில் எல்லோரும் ஒத்துப்போகிற விடயங்கள் குறைவு. அதில் இது ஒன்று.

மரியதாஸ் அரைமணி நேரத்தில் வழக்கை முடித்துவிட்டார். சில வாரங்களுக்கு முன் ஒரு பழம் விழுந்து மாடிக் குடியிருப்பில் இருக்கும் ஒருவரின் கார்க் கண்ணாடி வெடித்தது. அதைச் சொல்லிக்கொண்டு வந்து மரியதாஸிடம் ஏச்சு வாங்கியவர் பெரியசாமி. அதற்குப் பிறகு அவர் ஏணியில் ஏறி, மதிலோரம் கமரா பூட்டுவதற்குத் துளைபோடும் மெஷினோடு நின்றதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். கோபம் இருக்கிறது, கருவி இருக்கிறது, தூளும் இருக்கிறது. இதற்குமேல் என்ன வேண்டும்?

“மாஸ்டர், நீங்க சயன்ஸ் ஆள். பெருங்காயம் மரத்தைக் கொல்லுமா, கொல்லாதா?”

“அப்பிடி ஏதும் இரசாயனம் அதிலை இருக்கலாம்” என்றேன்.

இருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் பணிவான சொல். மரியதாஸின் காதில் அது தீர்ப்பாக விழுந்தது. அன்று பின்னேரமே மாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் போய்விட்டது. காவலாளியை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பொலிசுக்குப் போவேன் என்று.

இனி, நான் மறைத்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு ஒன்றரை வருடம் பின்னுக்குப் போக வேண்டும்.

தலைகீழ்

எங்கள் மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை கனடா. மண்டபத்தில்தான் தாலி என்றாலும், கன்னிக்கால் வீட்டில்தான் நடவேண்டும் என்று மனைவி பூரணம் உறுதியாக நின்றாள். கன்னிக்கால் என்பது முள்முருக்கின் பச்சைத் தடி ஒன்று. மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நல்ல நேரத்தில் வளவின் ஈசான மூலையில் நட்டுப் பாலும் நீரும் ஊற்றுவது எங்களவர் வழக்கம். அது துளிர்த்தால் குடும்பம் துளிர்க்கும். கருகினால் அதைப் பற்றி யாரும் கதைக்கமாட்டார்கள், ஆனால் எல்லோரும் நினைப்பார்கள்.

முகூர்த்த நேரத்தில் ஒன்பது பேர் ஒன்பது திசையிலிருந்து கட்டளையிட்டார்கள். “கெதியாய் நடுங்கோ, ராகுகாலம் வருகுது.” மஞ்சளும் துணியும் மாவிலையுமாகத் தடியின் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று தெரியவில்லை. குழிக்குள் இறக்கி மண்ணை மிதித்தேன். வீடியோக்காரர் “இன்னொருக்கா சிரிச்சுக்கொண்டு நடுங்கோ” என்றார். நடவில்லை, சிரித்தேன்.

மகள் விமானம் ஏறி மூன்றாவது வாரமும் தடி மொட்டையாக நின்றது. பூரணம் குளிக்கப் போன சமயம் மெல்லப் பிடுங்கிப் பார்த்தேன். கணுக்களில் இருந்த அரும்புகள் எல்லாம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

தலைகீழாக நட்டிருக்கிறேன்.

வெட்டுத்துண்டில் மேல்முனை எது, கீழ்முனை எது, தலைகீழாக நட்டால் என்ன ஆகும் என்று முப்பத்துநாலு வருடம் கரும்பலகையில் படம் கீறியவன் நான். அதற்குத் தவறாக விடை எழுதிய ஒரு மாணவனை, “நீர் தலைகீழாய் நிண்டு படிச்சனீரோ?” என்று வகுப்புக்கு முன் கேட்டிருக்கிறேன். அவன் இப்போது பெரிய வைத்தியர். தெருவில் கண்டால் இன்னும் மற்றப் பக்கத்தால்தான் போகிறான்.

பூரணத்திடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தடியைத் திரும்பச் செருகிவிட்டு, “நாவலப்பிட்டியிலை இராமலிங்கத்துக்குச் சுகமில்லையாம், ஒருக்காப் பார்த்திட்டு வாறன்” என்றேன்.

ரயிலில் வந்த உறவினர்கள்

இராமலிங்கம் என் பள்ளித் தோழன். தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து, ஓய்வுபெற்ற பின்னும் மலையை விட்டு இறங்காதவன். நான் போனபோது அவன் பூரண சுகத்தோடு பலாக்கொட்டை அவித்துத் தின்றுகொண்டிருந்தான்.

“முருக்கந்தடிக்கு ரயிலேறி வந்த முதல் விசரன் நீதான் மச்சான்” என்று சிரித்துவிட்டு, தேயிலைக்கு நிழலுக்காக நட்டிருந்த முருக்குகளில் மூன்று தடி வெட்டித் தந்தான். “மூண்டு எதுக்கு?” என்று கேட்டேன். “உன்ர கைராசிக்கு ஒண்டு காணாது.”

பழைய பேப்பரில் சுற்றி, குடை போலக் கக்கத்தில் வைத்து ரயிலில் கொண்டுவந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா இரண்டு தடவை தட்டிப் பார்த்து, மரவள்ளிக்கிழங்கா என்று சிங்களத்தில் கேட்டார். “ஓவ்” என்று தலையாட்டினேன். அன்று சொன்ன பொய்களில் சிறியது அது.

பூரணம் கோயிலுக்குப் போன வெள்ளிக்கிழமை, நல்ல தடியை நேராக நட்டு, பழைய துணியையும் மாவிலையையும் அதற்குக் கட்டினேன். தடிகளில் இரண்டு மூன்று சிறு துளைகள் இருந்தன. பார்த்தேன். முள் உதிர்ந்த தழும்பாக்கும் என்று நினைத்தேன். மிச்ச இரண்டு தடிகளும் வீட்டில் இருந்தால் கள்ளத்துக்குச் சாட்சியாகிவிடும். ஆகையால் மதிலுக்கு மேலால் வீசினேன். அவை மரியதாஸின் குப்பைக் குழியில், அவகாடோ மரத்தின் அடியில் போய் விழுந்தன.

பத்தாம் நாள் தடி துளிர்த்தது. பூரணத்தின் முகத்தை நான் அன்று பார்த்தேன். எங்கள் கலியாண அல்பத்தில்கூட அப்படி ஒரு முகம் இல்லை. போன் வழியாக மகளுக்குத் துளிரைக் காட்டினாள். பிறகு அது ஒவ்வொரு ஞாயிறும் நடக்கும் சடங்கானது. மகளுக்கு வயிற்றில் பிள்ளை என்று செய்தி வந்தபோது, முருக்கு என் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. பூரணம் அதற்கும் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைத்தாள்.

நக்கிப் பார்

திரும்ப மரியதாஸின் மரத்துக்கு வருகிறேன். கடிதம் போன மூன்றாம் நாள், எங்கள் முருக்கின் அடியில் காய்ந்த இலை பொறுக்கியபோது கண்டேன். அதே துளைகள். போல்பொயின்ட் முனை அளவு.

ஒரு கொப்பை முறித்தேன். உள்ளே வளைந்து வளைந்து சுரங்கம். சுரங்கத்தின் முடிவில் குண்டூசித் தலை அளவில் கறுப்பாக ஒரு வண்டு, விருந்தாளி வந்தது தெரியாத வீட்டுக்காரி போல வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

படம் எடுத்து இராமலிங்கத்துக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் அவனே எடுத்தான்.

“மச்சான், இது எங்கட ஆள்! தேயிலைத் துளைவண்டு. உவன் எப்பிடிக் கொழும்புக்கு வந்தவன்?”

“நீ தந்த தடியிலை.”

மறுமுனையில் நெடுநேரம் சிரிப்பு. சிரித்து முடித்து, அவகாடோவின் கதையையும் கேட்டான். “வெள்ளைத் தூளோ? நக்கிப் பார்.”

“விசரே உனக்கு? பெருங்காயம் எண்டு சொல்லுறாங்கள்.”

“பெருங்காயமெண்டால் மணக்காதோடா? இவ்வளவு வருசம் ரசம் குடிச்ச மூக்கை என்ன செய்தனி?”

எங்கள் ஒழுங்கையில் படித்தவர்கள் இருபது பேராவது அந்த மரத்தைச் சுற்றி நின்றோம். ஒருவரும் மணந்து பார்க்கவில்லை.

மரியதாஸ் வெளியே போன நேரம் பார்த்து, மதிலோரம் கதிரை வைத்து ஏறி, தண்டில் நாக்கை வைத்தேன். இனித்தது. காயப்பட்டால் அவகாடோ மரம் ஒருவகைச் சர்க்கரைச் சாற்றை வெளியே தள்ளும், அது காய்ந்துதான் வெள்ளைத் தூள். நிமிர்ந்தபோது மூன்றாம் மாடியில் உடுப்புக் காயப்போடும் ஒரு பெண், கையில் ஈரச் சட்டையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை ஆட்டினேன். அவர் உள்ளே போய்விட்டார்.

மிளகாய்த்தூள்

அந்த வண்டைப் பற்றி நான் அதன் பிறகு வாசித்தவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மன்னியுங்கள், பழைய வாத்தியார்.

அது மரத்தைத் தின்பதில்லை. தாய்வண்டு மரத்துக்குள் சுரங்கம் தோண்டி, அதன் சுவரில் ஒரு பூஞ்சணத்தைப் பயிரிடுகிறது. தாயும் குஞ்சுகளும் அந்தப் பயிரைத்தான் உண்கின்றன. மகள் வண்டுகள் வளர்ந்து வேறு மரம் தேடிப் பறக்கும்போது, தாய்வீட்டுப் பூஞ்சணத்தின் விதையை வாயிலுள்ள சின்னப் பையில் அடைத்துக்கொண்டு போகின்றன. புது வீட்டில் முதல் வேலை விதைப்பு.

எங்கள் மகள் கனடா போனபோது பூரணம் நாலு கிலோ மிளகாய்த்தூளை, வறுத்து இடித்து, மூன்று பைக்குள் கட்டி, சேலைகளுக்கு நடுவில் வைத்து அனுப்பினாள். “அங்கை எல்லாம் கிடைக்குமம்மா” என்றாள் மகள். “கிடைக்கும், ஆனால் அது எங்கட தூள் இல்லை” என்றாள் பூரணம். அந்த வண்டின் தாயும் இதைத்தான் சொல்லியிருக்கும்.

ஆண் வண்டுகள் பறப்பதில்லை. பிறந்த சுரங்கத்துக்குள்ளேயே இருந்து, உண்டு, அங்கேயே முடிந்துபோகின்றன. அந்தப் பந்தியை வாசித்துவிட்டு என் சாய்மனைக் கதிரையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூஞ்சணம் பரவும்போது மரத்தில் நீர் ஏறும் குழாய்கள் அடைபடுகின்றன. மரம் தாகத்தில் சாகிறது. வண்டுக்கு மரத்தோடு பகை ஒன்றும் இல்லை. எனக்கும் பெரியசாமியோடு பகை ஒன்றும் இருக்கவில்லை.

“பாப்பம்”

உண்மை தெரிந்த பிறகு ஒன்பது நாள் நான் வாய் திறக்கவில்லை.

திறந்தால் என்ன நடக்கும் என்று தெரியும். முருக்கையும் வெட்டி எரிக்கவேண்டும் என்று இராமலிங்கம் சொல்லியிருந்தான். மகளுக்கு ஐந்து மாதம். பூரணத்திடம் போய், நீ பொங்கல் வைத்த கன்னிக்கால் கள்ளக் கன்னிக்கால், அதை இப்போது வெட்டவேண்டும் என்று எப்படிச் சொல்வது?

ஆறாம் நாள் பெரியசாமி எங்கள் கேற்றடிக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“ஞாயித்துக்கிழமை மீட்டிங் வச்சிருக்காங்க ஐயா. வேலை போனா ரூமும் போயிருங்க. மக இந்த வருசம் ஓ.எல். பரீட்ச எடுக்குது. நீங்க படிச்சவங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேட்டுக்குவாங்க.”

“பாப்பம், பெரியசாமி” என்றேன்.

எங்கள் ஊர்த் தமிழில் “பாப்பம்” என்றால், மாட்டேன் என்பதற்கு உடுப்புப் போட்டுவிட்டது. பெரியசாமிக்கும் அது விளங்கியது. “சரிங்க ஐயா” என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

ஞாயிறு கூட்டத்தில் என்னையும் கூப்பிட்டு, கதிரை தந்து, அபிப்பிராயம் கேட்டார்கள். பெரியசாமி கதவோரம் நின்றார். “இதிலை உறுதியாய் ஒண்டும் சொல்லேலாது” என்றேன். என் சட்டைப் பையில் இருந்த போனில் வண்டின் படம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு ஓட்டோவில் ரைஸ் குக்கர், சுருட்டிய மெத்தை, புத்தகப் பை, மனைவி, மகள். பெரியசாமிக்கு உள்ளே இடமில்லை. அவர் பின்னால் நடந்து போனார். நான் யன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன்.

பூரணம் சொன்ன பரிகாரம்

மறுநாள் மரியதாஸ் கடைசிப் பழங்களைப் பகிர்ந்தார். மரம் இனித் தேறாது, தறிக்க ஆள் சொல்லியாயிற்று. எனக்குத் தந்த பழத்தில் வழமையைவிட நீளமாக எழுதியிருந்தார்: “மாஸ்டருக்கு. உதவிக்கு நன்றி. சனி வெட்டவும்.”

அந்தப் பழத்தை வைத்துக்கொண்டு நான் குசினி வாசலில் நின்றேன். பூரணம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்படியே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். தலைகீழ்த் தடி, நாவலப்பிட்டி, மதிலுக்கு மேலால் வீசியது, நக்கியது, பாப்பம் என்றது. அவளுடைய கை ஓயவில்லை. கீரை முடிந்து காம்பைத் தொடங்கினாள்.

“தலைகீழாயோ நட்டனீங்கள்?”

“ஓம்.”

“அதை அண்டைக்கே சொல்லியிருந்தால் ஐயரைக் கேட்டு நேராக்கி நட்டிருப்பம். அதுக்கு ஒரு தேங்காய், ஒரு அர்ச்சனை. இஞ்சேருங்கோ, அந்த மனுசனுக்கு என்ன பரிகாரம்?”

நான் பழத்தைக் குசினி மேசையில் வைத்தேன்.

“முதல் அந்தத் தடியை வெட்டுங்கோ.”

“பிள்ளைக்கு ஐஞ்சு மாசம், பூரணம்...”

“தடி வெட்டினதாலை பிள்ளைக்கு ஒண்டும் வராது. அந்தாளின்ர பெண்சாதி மெத்தையைக் கட்டேக்கை விட்ட மூச்சு, அதுக்குத்தான் நான் பயப்பிடுறன்.”

வெட்டினேன். நான் வெட்ட, அவள் துண்டு துண்டாக எடுத்து எரித்தாள். ஞாயிறன்று மகள் “கன்னிக்கால் எங்கையம்மா?” என்று கேட்டபோது, பூரணம் போனை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டாள். மகளுக்கும் முழுவதும் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில், வயிறு நோகுதப்பா என்று நிறுத்தச் சொன்னாள்.

மரியதாஸ் சிரிக்கவில்லை. மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். கேட்டு முடித்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“கடிதம் எழுதினது நான். கையெழுத்து வச்சது நான். நான் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணுவேன் மாஸ்டர். நீங்க என்ன பண்ணுவீங்க?”

“நடந்ததெல்லாத்தையும் பேப்பரிலை எழுதுறன்.”

“எழுதுங்க, எழுதுங்க. அதுக்கு முதல்ல ரெண்டு பேரும் அந்த ஆளைத் தேடிப் போவோம்.”

நிர்வாகக் குழுத் தலைவரை அவர் இரண்டு நாள் விடாமல் பிடித்து, வேலையையும் அறையையும் திரும்பத் தருகிறோம் என்று கடிதம் வாங்கிவிட்டார். துறைமுகத்து ஆள், சரக்கை எடுக்காமல் வரமாட்டார்.

கிராண்ட்பாஸில் ஒரு கேற்

பெரியசாமி கிராண்ட்பாஸில் ஒரு டயர்க் களஞ்சியத்தில் காவலுக்கு இருப்பதாக அறிந்து, ஒரு சனிக்கிழமை காலை போனோம். பெரிய இரும்புக் கேற். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அவர். எங்களைக் கண்டதும் தொப்பியைக் கழற்றவில்லை.

“யாரைப் பார்க்கணுங்க?”

“உங்களைத்தான்” என்றேன்.

மரியதாஸ் பொறுக்க முடியாமல் கடிதத்தைக் கம்பிக்குள்ளால் நீட்டினார். “பெரியசாமி, வேலை திரும்பத் தர்றாங்க. ரூமும் இருக்கு. நீங்க எப்ப வேணும்னாலும் வரலாம்.” அவர் பெரியசாமியை ‘நீங்க’ என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

பெரியசாமி கடிதத்தை இரண்டு தரம் வாசித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்தார்.

“வீட்டுல கேட்டுச் சொல்றேங்க. மக பள்ளிக்கூடம் அங்கதான், அது ஒன்னு. ஆனா இங்க ஒரு மரமும் இல்லிங்க. நிம்மதியா இருக்கு.”

மரியதாஸ் கேற்றைத் தள்ளிப் பார்த்தார்.

“உள்ள வரணும்னா இதுல எழுதணுங்க” என்று பெரியசாமி ஒரு கொப்பியைக் கம்பிக்குள்ளால் தந்தார். பெயர், நேரம், யாரைப் பார்க்க, வந்த காரணம், கடைசியில் காவலாளியின் கையொப்பம். மரியதாஸ் தன் பெயரை எழுதி, காரணத்தில் “மாஸ்டரோடு வந்தேன்” என்று போட்டுத் தப்பிவிட்டார். நான் “சொந்த விடயம்” என்று எழுதினேன்.

“அப்படி எழுதுனா சூப்பர்வைசர் ஏசுவாருங்க.”

வெட்டிவிட்டு, “மன்னிப்புக் கேட்க” என்று எழுதினேன். கொப்பியைத் திருப்பி வாசித்தார்.

“யாரு யாருகிட்டன்னு போடலிங்களே ஐயா. நாளைக்கு இதைப் பாக்குறவங்க நான்தான் என்னமோ செஞ்சேன்னு நினைப்பாங்க. போன இடத்துல பட்டது போதுங்க.”

அவர் சொன்னது சரி. காரணம் எழுதும் இடம் இரண்டு விரல் அகலம். எழுதத் தொடங்கினேன். பக்கத்து வீட்டு மரத்தில் துளை போட்டது வண்டு, அந்த வண்டைக் கொண்டுவந்தவன் நான், அது தெரிந்தபிறகும் கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்தவன் நான், அதனால் பெரியசாமிக்கு வேலையும் வீடும் போனது, அவரில் ஒரு பிழையும் இல்லை. ஒரு வரிசை முடிந்து அடுத்ததில் ஏறியது, அதுவும் முடிந்து அதற்கடுத்ததில். பின்னால் ஒரு லொறி வந்து ஹோர்ன் அடித்தது.

“கொஞ்சம் இருங்க அண்ணே, ஐயா எழுதுறாரு” என்றார் பெரியசாமி.

லொறிக்காரர் இறங்கி வந்து என் தோளுக்கு மேலால் வாசிக்கத் தொடங்கினார். ஐந்து வரிசை போனபிறகு பேனாவை வைத்தேன். பெரியசாமி கொப்பியை வாங்கி, விரலை ஒவ்வொரு சொல்லின் அடியிலும் ஓட்டி, சத்தமாக வாசித்தார். லொறிக்காரரும் கேட்டார், மரியதாஸும் கேட்டார். நான் வகுப்பில் எழுப்பிவிட்ட பையன்களைப் போலக் கைகட்டி நின்றேன்.

வாசித்து முடித்து, கொப்பியை மறுபடி என்னிடம் நீட்டினார்.

“ஒன்னு விட்டுப்போச்சுங்க ஐயா.”

“என்ன?”

“அது போரர் பூச்சின்னு நான் அன்னைக்கே சொன்னேன்.”

ஆறாவது வரிசையில் அதை எழுதினேன்: அது போரர் பூச்சி என்று பெரியசாமி முதல் நாளே சொன்னார், நான் சிரித்தேன். அவர் அதையும் விரல் வைத்து வாசித்தார். பிறகு கடைசிக் கட்டத்தில் தன் கையொப்பத்தை ஆறுதலாகப் போட்டு, சாவியை எடுத்துக் கேற்றைத் திறந்தார்.

முதலில் லொறியை உள்ளே விட்டார். பிறகு எங்களை.